சாட்சிக் கைக்குட்டை

எங்கள் வட்டாரக் கால்பந்து லீக்கில் ஓர் ஆட்டக்காரரை வெளியே எடுத்து இன்னொருவரை உள்ளே அனுப்ப வேண்டுமானால் ரத்தம் வர வேண்டும். வெறுமனே வந்தால் போதாது. ரத்த நடுவர் என்று ஒருவர் கோட்டோரம் நிற்பார். அவர் ஓடிப்போய்க் காயத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஒற்றி எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். மேடையில் உட்கார்ந்திருக்கும் லீக் தலைவரின் கண்ணுக்குச் சிவப்புத் தெரிந்தால் கட்டைவிரலை உயர்த்துவார், மாற்று ஆட்டக்காரர் இறங்கலாம். தெரியாவிட்டால் அடிபட்டவர் எழுந்து ஆட வேண்டும். எழ முடியாவிட்டால் படுத்துக்கொண்டே ஆடலாம், அதற்கு விதியில் தடை கிடையாது.

அதற்குச் சாட்சிக் கைக்குட்டை என்று பெயர். அதைத் துவைக்கிற பாவி நான்தான். கடைத்தெருவில் லாண்டரி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் லீக் அலுவலகத்திலிருந்து மூட்டை வரும். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி செய்து அனுப்புவேன். லீக் துணைத் தலைவரும் தன் சொந்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை வாராவாரம் கொடுத்தனுப்புவார். அதில் ஒரு பொட்டு அழுக்கு இருந்ததில்லை. மடிப்புக்கூடக் கலைந்திருக்காது. இருந்தாலும் இன்னொரு முறை நன்றாக இஸ்திரி போடுங்கள் என்று சொல்லி அனுப்புவார். பெரிய மனிதர்களின் கிறுக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த விதி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் தோளில் லேசாக இடித்தாலே ஆட்டக்காரர்கள் தரையில் விழுந்து உருண்டு, பெற்ற தாயைக் கூப்பிட்டு அழுவார்கள். நேரம் போகும். தலைவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சீசன் தொடக்க விழாவில் மைக்கைப் பிடித்தார்.

"ஒருத்தன் கீழ விழுந்து கத்தறான். நான் பதறிப்போறேன். ரெண்டு நிமிஷத்துல எழுந்து ஓடறான். அப்ப என் பதற்றத்துக்கு என்ன மரியாதை? அடிக்கறவனை நான் மன்னிப்பேன். அவன் உண்மையா அடிக்கறான். நடிக்கறவனை மன்னிக்கவே மாட்டேன். ரத்தம் பொய் சொல்லாது! இந்த விதி லீக்ல இருக்கற எல்லாருக்கும் பொருந்தும். பந்து பொறுக்கறவன்லேர்ந்து எனக்கு வரைக்கும்! என் மேல வெச்ச வெள்ளைத் துணியில சிவப்பு தெரிஞ்சா நானும் அந்த நிமிஷமே எழுந்து போயிடுவேன்!"

கூட்டம் கைதட்டியது. எல்லாரும் நிறுத்திய பிறகும் துணைத் தலைவர் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். தலைவருக்குக் குடை பிடிப்பதுதான் அவர் வேலை. எத்தனையோ சீசனாகப் பிடிக்கிறார்.

விதி வந்த முதல் மாதமே ஒரு தடுப்பாட்டக்காரருக்குக் கால் எலும்பு முறிந்து, பாதம் பின்பக்கம் திரும்பிவிட்டது. ரத்த நடுவர் ஒற்றிப் பார்த்தார். வெள்ளை. "கால் உடைஞ்சது எனக்கே தெரியுதுங்க. ஆனா கைக்குட்டைக்குத் தெரியலையே, நான் என்ன பண்ண?" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அந்த மனிதரைக் கோல் கம்பத்தில் சாய்த்து நிறுத்திவைத்தார்கள். மிச்ச ஆட்டத்தையும் அப்படியே ஆடினார்.

சீசன் தொடக்கத்தில் எழுதிக்கொடுத்த பதினொரு பேரும் கடைசிவரை அவர்களேதான், ரத்தம் வந்தால் தவிர. உடம்பு சரியில்லை என்று வீட்டில் படுத்தாலும் ரத்த நடுவர் வீடு தேடி வந்துவிடுவார். மஞ்சள் காமாலையில் கிடந்த ஒருவரின் நெற்றியில் ஒற்றிவிட்டு, "மஞ்சள்தான் தெரியுது. மஞ்சளுக்கு விதி இல்ல" என்று எழுப்பிக் கூட்டிப்போனார்.

எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் லீக் உண்டு. அங்கே மட்டும் தலைவர் மனம் இரங்கினார். பால் பல் விழுந்து வருகிற ரத்தம் செல்லும் என்றார். அவ்வளவுதான், ஆடுகிற பல்லுள்ள பிள்ளைகளுக்கு ஏகக் கிராக்கி. தேர்வன்று பயிற்சியாளர்கள் பந்தை எடுக்கவே மாட்டார்கள். குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, விரலைவிட்டு அசைத்துப் பார்ப்பார்கள். "எங்க பொண்ணுக்கு முன்னாடி ரெண்டு, பின்னாடி ஒண்ணு ஆடுதுங்க" என்று தாய்மார்கள் முண்டியடிப்பார்கள். பல் கெட்டியாக இருக்கிற பிள்ளையின் அப்பன் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போவான்.

மேலே தொழில்முறை லீக்கிலும் இந்த விதியை வாங்கிக்கொண்டார்கள். பணக்கார லீக் அல்லவா, அங்கே கைக்குட்டை பட்டு. அதைப் பெரிய திரையில் காட்டுவார்கள், ஜனங்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்வார்கள்.

கொஞ்ச நாளில் எங்கள் அணிகள் சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டன. களைத்துப்போன ஆளை மாற்ற வேண்டுமா, முதலுதவிப் பெட்டியைத் திறப்பார்கள். உள்ளே பஞ்சு, மருந்து ஒன்றும் இருக்காது. பிளேடும் உப்புத்தாளும் இருக்கும். விஷயம் வெளியே தெரிந்ததும் லீக் கொதித்தெழுந்து விதியைத் திருத்தியது. இனி எதிரணி வரவழைத்த ரத்தம்தான் செல்லும். அதுவும் கருவி இல்லாமல், கை, கால், தலை, பல் இவற்றால் வரவழைத்ததாக இருக்க வேண்டும். ஒரு முறை எதிராளியின் மோதிரம் கிழித்து ஒருவர் கன்னம் தொங்கியது. கைக்குட்டை தோய்ந்து சொட்டியது. மோதிரம் கருவி என்று தலைவர் கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்.

திருத்தத்தின் பலன் என்ன தெரியுமா? எதிராளியை ரத்தம் வராமல் அடிக்க எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். ரத்தம் வந்தால் புது ஆள் வந்துவிடுவான். வராவிட்டால் அடிபட்டவன் அரை உயிரோடு நொண்டிக்கொண்டிருப்பான், எவ்வளவு சௌகரியம்! பழுத்த தக்காளியை வெள்ளைத் துணியில் சுற்றித் தொங்கவிட்டுக் குத்திப் பழகினார்கள். உள்ளே கூழாக வேண்டும், துணி நனையக் கூடாது. நனைந்தால் பயிற்சியாளர் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவார். அந்தத் துணிகளும் என் கடைக்குத்தான் வந்தன.

இதெல்லாம் ஊர் விவகாரம், எனக்கென்ன என்று இருந்திருப்பேன். ஆனால் என் மகன் எங்கள் தெரு அணியில் மாற்று கோல்கீப்பர்.

நன்றாக ஆடுவான். அப்பன் என்பதற்காகச் சொல்லவில்லை, பந்து அவன் கைக்குப் பழகிய நாய் மாதிரி வரும். தொழில்முறை அணி வருடா வருடம் ஆள் எடுக்கும். இருபது வயது தாண்டக் கூடாது, அந்தச் சீசனில் ஒரு லீக் ஆட்டத்திலாவது களத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஒரே ஒரு நிமிடம் இறங்கினாலும் போதும். அவனுக்கு இதுதான் கடைசி வருடம். சீசன் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். காரணம், அவனுக்கு முன்னால் கோல் காத்தவர் அவனுடைய சொந்தத் தாய்மாமன். என் மனைவியின் தம்பி.

என் மைத்துனனுக்குப் பாறை என்று பட்டப்பெயர். ஐஸ் தொழிற்சாலையில் பாளம் தூக்குகிறான். வருடக்கணக்காக ஐஸைத் தூக்கித் தூக்கித் தோல் செருப்புத் தோலாகிவிட்டது. சின்ன வயதில் வேலியில் விழுந்து வேலி வளைந்தது என்பாள் என் மனைவி. அவன் உடம்பில் ரத்தம் வந்து யாரும் பார்த்ததில்லை. வயதாகிவிட்டது, குனிவதற்குள் பந்து உள்ளே போய்விடும். ஆனாலும் சீசன் தொடக்கத்தில் அனுபவசாலி என்று அவன் பெயரைத்தான் எழுதிக்கொடுத்தார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலை அவன் கடைக்கு வந்தான். நானும் என் மனைவியும் போர்வை பிழிந்துகொண்டிருந்தோம். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன், அவள் முறுக்குவாள். ஒரே முறுக்கில் போர்வை காய்ந்த மாதிரி ஆகிவிடும். அவள் கை அப்படி.

"அக்கா, நாளைக்கு என் மூக்கு உடையப்போகுது. நீ அழக் கூடாது" என்றான் மைத்துனன்.

"யாருடா உடைக்கப்போறா?"

"யாராவது உடைப்பாங்க. நான் மூஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ரத்தம் வந்ததும் நம்ம பையன் உள்ள போகட்டும்."

என் மகன் இஸ்திரி மேசைக்குப் பின்னாலிருந்து வந்தான். "வேணாம் மாமா. உங்களை அடிக்கவிட்டு நான் இறங்கணுமா? எனக்கு அந்த செலக்ஷனே வேணாம்."

"சீ, வாயை மூடு. உனக்குக் கிளவுஸ் மாட்டிவிட்டதே நான்தான். நீ பெஞ்சுல உட்கார்ந்து டிராக்சூட் ஜிப்பை ஏத்தி இறக்கறதைப் பாக்க எனக்கு வயித்தெரிச்சலா இருக்குடா."

என் மனைவி போர்வையைக் கீழே போட்டாள். தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் பிள்ளை, அவளால் என்ன சொல்ல முடியும்? "ரத்தம்தானே வேணும்? நானே ஒண்ணு விடறேன், வந்துடும்" என்றாள்.

"நீ எதிரணி இல்லையே அக்கா" என்றான் அவன்.

மறுநாள் எங்களோடு மோதியது பட்டறை அணி. லீக்கிலேயே மோசமான அணி. அவர்களோடு ஆடி முழுசாக வீடு திரும்பியவர் இல்லை. அதனால் எங்களுக்கு நம்பிக்கையாகவே இருந்தது. எங்கள் பயிற்சியாளர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஆட்டம் தொடங்குமுன் பட்டறைப் பயிற்சியாளரை ஓரமாக அழைத்துப் போனார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. உங்க பசங்கள்ல யாராவது எங்க கோல்கீப்பர் மூக்குல ஒண்ணு விட்டா நல்லா இருக்கும்."

பட்டறைப் பயிற்சியாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என்னங்க இது, ஆட்டத்துல போய் வன்முறையைப் பத்திப் பேசறீங்க? எங்க பசங்க அப்படிப்பட்டவங்க இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சின்னப் பையன் உள்ள வந்தா எங்களால ஒரு கோல் போட முடியாது. உங்க பெரியவர் நூறு வருஷம் கோல்ல நிக்கணும். ஒரு சொட்டு ரத்தம் வராம நாங்க பாத்துக்கறோம்."

அப்படியே பார்த்துக்கொண்டார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் அவர்களுடைய முன்வரிசை ஆட்டக்காரன் பந்தோடு வந்தான். என் மைத்துனன் பந்தை விட்டுவிட்டு அவன் பூட்ஸுக்கு முன்னால் முகத்தை நீட்டினான். அவன் பதறிக் காலை இழுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று எகிறி, முழங்காலை விலாவில் இறக்கினான். காய்ந்த விறகு முறிகிற மாதிரி சத்தம் மேடைவரை கேட்டது. ரத்த நடுவர் ஓடினார், ஒற்றினார், தூக்கினார். வெள்ளை. பெஞ்சில் என் மகன் ஜிப்பை இறக்கிக்கொண்டு எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். களத்து நடுவர் எதையும் கண்டுகொள்ளவில்லை. பந்தைப் பார்ப்பதுதான் அவர் வேலை, அடியைப் பார்ப்பது ரத்த நடுவரின் வேலை. ரத்த நடுவரோ ரத்தம் வந்தால்தான் அடியென்று ஒப்புக்கொள்வார்.

கார்னர் பந்து வந்தபோது நான்கு பேர் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். முழங்கை சிறுநீரகத்தில் இறங்கியது, குதிகால் கால்விரல்களை மாவாக்கியது, ஒரு தலை வயிற்றில் முட்டியது. வெள்ளை. என் மைத்துனன் வேறு வழி தெரியாமல் அவர்கள் கேப்டனின் குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் திட்டினான். கேப்டன் புன்னகையோடு கை நீட்டினான். "நல்லா இருங்கண்ணே" என்று கைகுலுக்கினான். குலுக்கி முடிப்பதற்குள் மூன்று விரல் முறிந்திருந்தது. எல்லாம் கையுறைக்கு உள்ளேயே நடந்து முடிந்தது, எவ்வளவு சுத்தம்!

இடைவேளைக்குப் பிறகு, பொறுக்க முடியாமல், அவனே போய்க் கோல் கம்பத்தில் மூக்கை மோதினான். மூக்கு பக்கவாட்டில் சாய்ந்தது. ரத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் பலனில்லை என்று ரத்த நடுவர் விளக்கினார்.

"கம்பம் எதிரணியா இருக்கணும்."

"கம்பம் எப்படிய்யா அணியாகும்?" என்று எங்கள் பயிற்சியாளர் கத்தினார்.

"முதல் பாதியில அது அவங்க கம்பம். இப்ப பக்கம் மாறிட்டீங்க. உங்க கம்பம்."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். அதிலிருந்து தண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ. அவனை விட்டுவிடுங்கடா என்று கத்த நினைத்தேன். அதே நேரத்தில் ஒரு சொட்டு வந்துவிடாதா என்றும் வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஒரு வேண்டுதல் என் ஜென்மத்துக்குப் போதும்.

கடைசியில் ஒரு பந்து உயரமாக வந்தது. ஒரு கையும் பாதி விலாவும்தான் மிச்சம், இருந்தும் அந்த மனிதன் பழக்கதோஷத்தில் எகிறிப் பந்தைப் பிடித்துவிட்டான். சீசனிலேயே அவன் பிடித்த நல்ல பந்து அதுதான். இறங்கும்போது பட்டறை அணி மொத்தமும் அவன் மேல் விழுந்தது. ஒவ்வொருவராக எழுந்து, காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். அடியில் அவன் கிடந்தான். பந்து கையிலேயே இருந்தது. தாடை இடம் மாறியிருந்தது, ஒரு கண் மூடிவிட்டது. ரத்த நடுவர் நெற்றி, காது, வாய் எல்லாவற்றிலும் ஒற்றிப் பார்த்தார். இஸ்திரி போட்டு நான் அனுப்பியபடியே இருந்தது கைக்குட்டை.

விசில் ஊதினார்கள். ஆனால் எங்கள் லீக்கில் விசிலோடு ஆட்டம் முடியாது. தலைவர் எழுந்து நின்று மூன்று முறை கைதட்ட வேண்டும், அப்போதுதான் முடிந்ததாகக் கணக்கு. ஆம்புலன்ஸ் வந்தால் தன் காரை மறித்துவிடும் என்று தலைவர் அதற்குள் எழுந்து போயிருந்தார். மைத்துனனைத் தூக்குகிற அவசரத்தில் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தது என் மனைவி மட்டும்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வார்டில் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வீங்கிப்போன கையிலிருந்து ஒரு கையுறை கழலவே இல்லை. கத்தரிக்கோல் எடுத்து வருகிறேன் என்று போன ஊழியர் போனவர்தான். என் மகன் மாமனின் காலடியில் உட்கார்ந்து, அழுது முடித்து, மறுபடியும் அழுதான். "ஒரு சொட்டு... ஒரு சொட்டு வரலையேடா" என்று மாமன் கட்டுப்போட்ட தாடைக்குள்ளிருந்து முனகிக்கொண்டிருந்தான்.

அப்போது தலைவர் வந்தார். பின்னாலேயே துணைத் தலைவர், கட்டடத்துக்குள்ளும் குடையை விரித்துப் பிடித்தபடி. ரத்த நடுவர் ஒரு பித்தளைக் கேடயத்தைச் சுமந்து வந்தார். தலைவர் தொண்டையைச் செருமினார். படுக்கையில் கிடந்த மற்ற நோயாளிகளும் வேறு வழியில்லாமல் கேட்டார்கள்.

"நேத்து நடந்தது இந்தச் சீசன்லயே தூய்மையான ஆட்டம். கைக்குட்டையில ஒரு புள்ளி இல்ல! என் கனவு இதுதான். இந்தத் தம்பி மாதிரி ஆளுங்க இருக்கறவரைக்கும் லீக்கை யாராலயும் அசைக்க முடியாது. எவ்வளவு அடிச்சாலும் ஒண்ணும் வெளிய வராது. அப்படித்தான் இருக்கணும் ஆட்டக்காரன்! இந்தப் பதவிக்கு நான் ஆசைப்பட்டவனே இல்ல. ஆசைப்பட்டவங்க எல்லாரும் எப்படியோ அடிபட்டுப் போயிட்டாங்க, நான் ஒருத்தன்தான் மிஞ்சினேன். தூய ஆட்டக் கேடயத்தை இவருக்கே கொடுக்கறேன்."

சொல்லிவிட்டுக் கேடயத்தை அவன் நெஞ்சின் மேல் வைத்தார். முறிந்த விலாவின் மேல். அவன் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் கேடயத்தைப் பிடுங்கித் தரையில் வைத்தேன்.

அந்த நேரத்தில் நர்ஸம்மா பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வந்தார். முதல் ஊசி வளைந்தது. "என்ன தோலுய்யா இது!" என்று சலித்துக்கொண்டு தடிமனான ஊசி ஒன்றை எடுத்துக் குத்தினார். குழாயில் கருஞ்சிவப்பாக ஏறியது. ஊசியை உருவியதும் ஒரு துளி வெளியே வந்து நின்றது.

என் மைத்துனனின் திறந்திருந்த ஒற்றைக் கண் அதைப் பார்த்தது.

"அக்கா! வந்துடுச்சு! டேய், வந்துடுச்சுடா! உள்ள போ! மாத்துங்க, மாத்துங்க!"

என் மகன் சட்டென எழுந்து நின்றான். எங்கே போவதென்று தெரியாமல் ஜிப்பை இறக்கிக்கொண்டு நின்றான். நான் லாண்டரிக்காரன், என் பையில் எப்போதும் வெள்ளைத் துணி இருக்கும். எடுத்து ஒற்றி, தலைவரின் மூக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன்.

தலைவர் குனிந்து பார்த்தார். "சிவப்புதான். ஆனா ஊசி ஒரு கருவி. கருவியால வந்த ரத்தம் செல்லாது. அதுவும் ஆட்டம் நேத்தே முடிஞ்சுபோச்சு."

"முடியலை" என்றாள் என் மனைவி. "நேத்து நீங்க கைதட்டலை."

"அப்படியா?" என்றார் தலைவர். "சரி, இப்பத் தட்டிட்டாப் போச்சு." இரண்டு கையையும் உயர்த்தினார்.

என் மனைவி மோதிரத்தைக் கழற்றினாள். வளையல்களைக் கழற்றினாள். எல்லாவற்றையும் என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். எதற்கு இதையெல்லாம் இங்கே கழற்றுகிறாள் என்று நான் விழித்தேன். தலைவர் ஒரு முறை தட்டினார். இரண்டாவது தட்டுக்கு முன்னால் அவள் கை அவர் மூக்கில் இறங்கியது. ஈரப் போர்வையை ஒரே முறுக்கில் பிழிகிற கை. அவர் மருந்து வண்டியோடு சேர்ந்து விழுந்தார். பாட்டில்கள் உடைந்தன. எழப் பார்த்தவரைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி நெற்றியால் இன்னொன்று வைத்தாள். "இது என் தம்பிக்கு" என்றாள். தலையும் விதிப்படி செல்லும்.

துணைத் தலைவர் குடையைக் கீழே போட்டார். அவர் அவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. சட்டைப்பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை, மடிப்புக் கலையாத என் இஸ்திரியை, உருவி எடுத்துத் தலைவரின் முகத்தில் அழுத்தி ஒற்றினார். பிறகு கட்டில் மேல் ஏறி நின்று தலைக்கு மேல் தூக்கினார். பழுத்த தக்காளி துணிக்குள் உடைந்த மாதிரி இருந்தது.

"தெரியுதா?" என்றார் ரத்த நடுவரிடம்.

"நல்லாவே தெரியுதுங்க. அடிச்சவங்க எதிரணிங்கறதும் தெரியுது" என்றார் ரத்த நடுவர்.

"எனக்கு ஒண்ணும் இல்ல!" தரையிலிருந்து தலைவர் கத்தினார். "சும்மா ஒரு கீறல்! என்னால இருக்க முடியும்!"

"நடிக்காதீங்க" என்றார் துணைத் தலைவர். "ரத்தம் பொய் சொல்லாது." குடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். பழைய தலைவர் அதைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக உட்கார்ந்திருந்தார்.

புதிய தலைவர் கட்டில் மேல் நின்றபடியே தொண்டையைச் செருமினார். "இந்தப் பதவிக்கு நான் ஆசைப்பட்டவனே இல்ல. என் முதல் உத்தரவு இது. ரத்த விதி பொறுப்பாளர்களுக்குப் பொருந்தாது. இந்த நிமிஷத்துலேர்ந்து."

"என் பையன்?" என்றாள் என் மனைவி.

"அம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நானும் பெஞ்சுல இருந்தவன்தான். ஆனா விதின்னு ஒண்ணு..." என்று இழுத்தவர் அவள் கையைப் பார்த்தார். விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டிருந்தன. உத்தரவு பேப்பரில் ஏறும்வரை ரத்த விதி தனக்கும் பொருந்துமே என்று கணக்குப் போட்டிருப்பார் போலும். மூக்கை ஒரு கையால் மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினார். "பொறுங்க, பொறுங்க. ஊசி வழிதான் விட்டுச்சு. ரத்தம் தானாத்தான் வந்தது. அப்ப கருவி இல்ல. என்ன, குத்தினவங்க எதிரணியா இருக்கணும்..."

எல்லாரும் நர்ஸம்மாவைப் பார்த்தோம். அவர் உடைந்த பாட்டில்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார். "இந்த ஆட்டம் ஆடற அத்தனை பேருக்கும் நான் எதிரணிதான்" என்றார் நிமிராமல்.

"போதும்" என்ற புதிய தலைவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

இப்படியாக என் மகன் லீக் ஆட்டத்தில் இறங்கினான். கட்டிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய் நின்றான். நர்ஸம்மா கத்தரிக்கோல் கொடுத்தார். மாமனின் கையுறையை நான் நீளவாக்கில் வெட்டி எடுத்தேன். உள்ளே விரல்கள் ஊதா நிறத்தில் வளைந்து கிடந்தன. என் மகன் வெட்டுப்பட்ட கையுறையைத் தன் கையில் மாட்டிக்கொண்டு மாமனின் உள்ளங்கையை மெல்லத் தொட்டான். புதிய தலைவர் மூன்று முறை கைதட்டினார்.

"மாத்தியாச்சா?" என்றான் மைத்துனன்.

"மாத்தியாச்சு மாமா."

"அப்ப நான் தூங்கறேன்" என்று கண்ணை மூடினான். அவனுடைய வலது கை இனி ஐஸ் தூக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அடுத்த வாரம் என் மகன் தொழில்முறை அணியின் தேர்வுக்குப் போனான். யாரும் அவனுக்குப் பந்து போடவில்லையாம். தேர்வாளர்கள் மூன்று பேரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம். "உங்கம்மா வேற எந்த அணியிலயாவது கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

இவன் வந்து சொன்னபோது அவள் போர்வை பிழிந்துகொண்டிருந்தாள். "முதல்ல உன்னை எடுக்கச் சொல்லு. என்னைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றாள்.

எடுத்தார்கள். மாற்று கோல்கீப்பராக. இப்போது பெரிய மைதானத்தில், மெத்தை போட்ட பெஞ்சில் உட்கார்ந்து ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முன்னால் கோல் காப்பவர் மாமனைவிடப் பெரிய உருவம், தோல் தார்ப்பாய் மாதிரி. ஆட்டக்காரர்களின் குடும்பத்துக்கு முன்வரிசையில் இடம் கொடுக்கிறார்கள். தொழில்முறை லீக்கின் தலைவரும் அதே வரிசையில், எங்களிடமிருந்து நாலு நாற்காலி தள்ளி உட்காருகிறார். அங்கே ரத்த விதி பொறுப்பாளர்களுக்கும் இன்னும் அமலில் இருக்கிறது.

ஒவ்வோர் ஆட்டத்திலும், விசில் ஊதுவதற்கு முன்னால், என் மனைவி மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றி என்னிடம் கொடுக்கிறாள். நானும் ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறேன்.